புதுப்பிப்பு: 1803 வட்டாபுளுவ, இரு தரப்புச் சாட்சியங்கள்

1803இல் கண்டியில் சரணடைந்த ஆங்கிலேய மேஜர் டேவியின் படை, மகாவலிக் கரையில் வட்டாபுளுவ என்ற இடத்தில் கொல்லப்பட்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "ரெண்டு பக்கமும் என்ன சொல்லுது?" என்று பலர் கேட்டீர்கள்.

ஆங்கிலேயர் பக்கத்தில் முக்கியமானவர் கோப்ரல் பார்ன்ஸ்லி. கழுத்தில் வெட்டுப்பட்டு, செத்தவர்போல் கிடந்து, தப்பிப் போய்ச் சொன்னவர். ஆயுதம் பறித்தது, ஆட்களைப் பிரித்துக் கொண்டுபோனது எல்லாம் அவர் கண்ணால் கண்டவை, அதை நம்பலாம். ஆனால் கட்டளை யாருடையது, கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனா, அவனுடைய முதலமைச்சர் பிலிமத்தலாவையா என்பதை வரிசையில் நின்ற சிப்பாய் எப்படி அறிவார்? டேவியோ விடுதலையாகாமல் கண்டியிலேயே இறந்தார். சிறையிலிருந்து ரகசியமாக அனுப்பிய கடிதங்களில் தன் பெயரைக் காப்பாற்றும் கவலையும் இருந்திருக்கும்.

கண்டிப் பக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் சிங்களப் போர்ப்பாடல். அது மன்னனைப் புகழப் பாடியது. வெற்றி பெரிதாக வரும். சரணடைந்தவர்களை உயிரோடு போகவிடுவதாகக் கொடுத்த வாக்கு அதில் பெரிதாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ராஜசிங்கனுக்குப் பதிலாக ஆங்கிலேயர் கண்டி அரியணையில் ஏற்றிய முத்துசாமியும் தென்னிந்திய வழிவந்த நாயக்கர், ராஜசிங்கனும் நாயக்கர். முத்துசாமியைக் கண்டியரிடம் ஒப்படைக்க டேவி முதலில் மறுத்தார், பிறகு இணங்கினார். முத்துசாமி கொல்லப்பட்டார்.

"ஆத்தைக் கடந்திருக்கலாமே" என்றவருக்கு: அது ஜூன் மாதம், ஆறு பெருகியிருந்தது, படகும் இல்லை. பிற்காலத்தில் அங்கே மகாவலியில் கட்டிய பொல்கொல்ல அணைக்குப் பின், இன்றைய ஆற்றை வைத்து அதை அளக்க வேண்டாம்.

அடுத்து, இரு பக்கமும் போரிட்ட மலாய் வீரர்களைப் பார்க்கலாம்.