குறிகடத்து புரதம்: ஒரு சொற்பரிந்துரை

அன்புடையீர்,

மூளைச் செல்லுக்குள் செய்தியைக் கைமாற்றும் புரதங்களுக்கு (signaling proteins) 'சமிக்ஞைப் புரதம்', 'சைகைப் புரதம்', 'தூதுப் புரதம்' என மூன்று தமிழ்ச் சொற்கள் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. 'தூது' அழகான சொல். ஆயினும் சைக்ளிக் ஏ.எம்.பி. போன்ற, புரதமல்லாத சிறு மூலக்கூறுகளை 'இரண்டாம் தூதுவர்' என எழுதத் தொடங்கிவிட்டதால், இங்கே அது குழப்பத்தையே தரும். 'சைகை' கையசைவைத் தாண்டாது. 'சமிக்ஞை' (எனக்கு ரயில் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது) புரதத்தையே செய்தியாக்கிவிடுகிறது.

1998இல் நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டலின் குழு சுண்டெலிகளில் ரோலிப்ராம் என்னும் மருந்தைக் கொண்டு செய்த ஆய்வைப் பார்த்தால், செய்திக்கும் அதைக் கடத்தும் புரதத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகும்போது புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதிப் புரதம் தூண்டப்படுகிறது. அது உட்கருவிலுள்ள கிரெப் புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்ற, நீடித்த நினைவுக்கு வேண்டிய மரபணுக்கள் இயங்குகின்றன. ரோலிப்ராம் புதிதாக எந்தச் செய்தியையும் உண்டாக்குவதில்லை, சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதோடு சரி. ஆய்வில் பயன்படுத்திய அளவில், தூண்டல் இல்லாதபோது அம்மூலக்கூறின் அளவு குறிப்பிடத்தக்க வகையில் மாறவில்லை. தூண்டியபோதுதான் மிகுதியாக உயர்ந்தது. அதாவது, வந்த குறி (செய்தி) வழியில் மங்காமல் கடந்து சென்றது. புரதங்களின் வேலை கடத்துவதே என்பதால், 'குறிகடத்து புரதம்' என்று நான் பரிந்துரைக்கிறேன். இது வினைத்தொகை; ஆகவே இடையில் 'ப்' மிகாது. 'கடத்து' என்றதும் கடத்தல்காரர் நினைவுக்கு வருவார் என்று ஒரு நண்பர் அஞ்சுகிறார். 'மின்கடத்தி' என்று படிக்கும் மாணவருக்கு அப்படி யாரும் நினைவுக்கு வருவதில்லையே.

கைனேஸ், கிரெப் ஆகியவற்றை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம்.

அந்த ஆய்வின் பயனை 'நினைவாற்றல் பெருக்கம்' என்று எழுதுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சிக்கு முன் மருந்து பெற்ற சுண்டெலிகள், அச்சுறுத்தப்பட்ட அதே கூண்டில் நெடுநேரம் கழித்து விடப்பட்டபோது, மருந்து பெறாதவற்றைவிட மிகுதியாக உறைந்து நின்றன; அச்சம் நினைவிலிருப்பதன் அடையாளம் அது. ஆனால் குறுகிய கால நினைவில் அத்தகைய முன்னேற்றம் இல்லை. இளம் சுண்டெலிகளிலும் முதியவற்றிலும் முடிவு இதுவே. கூடியது ஆற்றல் அன்று, நினைவு தங்கியிருக்கும் காலம். எனவே 'நினைவு நிலைப்பூட்டல்' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. 'ஊட்டல்' என்பதற்கு மாற்றாக 'நிலைப்பேற்றம்' என்று எழுத விரும்புவோர் இருந்தால் அதற்கும் எனக்குத் தடையில்லை.