வெளியீட்டு நாள் மாறாது, கணக்கில் 17 நாள் இடிக்கிறது: ஸ்கெட்யூலை எப்படி அமைப்பது?

நூல்கண்டு (கேள்வி)

மொபைல் ஆப் ஒன்று. வெளியீட்டு நாளை அறிவித்தாகிவிட்டது, தள்ளிப்போட வழியில்லை. விடுமுறைகள் போக இன்றிலிருந்து 80 வேலை நாட்கள். மொபைல் டெவலப்பர் 2, சர்வர் டெவலப்பர் 1, டிசைனர் 1, டெஸ்டர் 1 என மொத்தம் 5 பேர்.

மதிப்பீடு இது: டிசைன் 10 நாள், சர்வர் ஏபிஐ (ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி) 24, மொபைல் 20, பேமென்ட் இணைப்பு 16, பழைய சிஸ்டத்திலிருந்து டேட்டா மைக்ரேஷன் 9, டெஸ்டிங் 15, ஸ்டோர் அனுமதி 3. கூட்டினால் 97.

மேலிடம் இரண்டு யோசனை சொல்கிறது. டெஸ்டிங்கை 7 நாளாகக் குறைப்பது, இல்லையென்றால் இன்னும் 2 பேரைச் சேர்ப்பது. எது பரவாயில்லை? பஃபர், அதாவது தாமதத்துக்கென்று ஒதுக்கும் நாட்களை, எங்கே, எத்தனை வைப்பது?

கோடைமழை

இரண்டும் வேண்டாம். டெஸ்டிங்கில் 8 நாளை வெட்டினாலும் 89 வருகிறது, 9 நாள் அப்போதும் இடிக்கும்.

அந்த 97-ஐ முதலில் விட்டுவிடுங்கள். எல்லா வேலையையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் கூட்டிய எண் அது. டிசைனர் வரைந்து முடிக்கும்வரை சர்வர் ஆள் கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நாள் குறித்துவிட்ட வேலைக்குக் கடைசி நாளில் நின்றுகொண்டு பின்னோக்கி எண்ணி வர வேண்டும்:

80: வெளியீடு.
75: ஆப்பிள், கூகுள் பிளே இரண்டு ஸ்டோரின் அனுமதியும் கையில். இதற்குப் பிறகு ஒரு வரி கோட் மாறக் கூடாது.
67: கோட் ஃப்ரீஸ் (பக் திருத்தமும் இத்துடன் நிற்கும்), ஸ்டோருக்கு அனுப்புதல்.
52: ஃபீச்சர் ஃப்ரீஸ் (புதிய வசதி எதுவும் இனிச் சேராது), டெஸ்டிங் தொடக்கம்.

ஆக, கட்டி முடிக்க உங்களிடம் இருப்பது 52 நாள். அதற்குள் எது அடங்கும் என்பதுதான் இனிப் பேச வேண்டியது.

ஸ்டோருக்கு 3 நாள் போதாது, அதனால்தான் 8 வைத்திருக்கிறேன். சராசரியாக 90% விண்ணப்பங்களை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிள் சொல்கிறது. ஆனால் நிராகரித்தால் திருத்தி, டெஸ்ட் செய்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அப்படி இரண்டு சுற்றுக்காவது இடம் விடுங்கள். கூகுள் பிளேயில் சில ஆப்களுக்கு 7 நாளோ அதற்கு மேலோ ஆகலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அனுமதி கிடைத்த உடனே வெளியாகிவிடாமல் ஆப்பிளில் கைமுறை வெளியீட்டையும், கூகுளில் மேனேஜ்ட் பப்ளிஷிங்கையும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே தொடங்க வேண்டியவை வேறு உண்டு, அதாவது உங்கள் கையில் இல்லாத வேலைகள். பேமென்ட் நிறுவனத்தின் வணிகர் சரிபார்ப்பு அதில் முதலாவது. அடுத்தது ஸ்டோர் கணக்குகள். நிறுவனத்தின் பெயரில் கணக்கு என்றால் டி-யு-என்-எஸ் எண் (நிறுவனங்களுக்கான அடையாள எண்) கேட்பார்கள், இல்லாதவர்களுக்கு அதை வாங்கவே வாரக்கணக்கில் ஆகலாம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கூகுள் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய டெஸ்டிங்கில் (அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது) இருந்த பிறகே வெளியிட விண்ணப்பிக்க முடியும். ஸ்கெட்யூலில் இவற்றுக்கு உழைப்பு அரை நாள், காத்திருப்பு பல நாள். உழைப்பை மட்டும் எழுதுகிற திட்டங்கள் இங்கேதான் கவிழ்கின்றன.

தறி

52 நாளில் அடங்குமா என்று பார்க்க, வேலைகளை ஆள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். டிசைன் 10, அதன் பிறகு மொபைல் 20. முப்பதாவது நாளில் மொபைல் பக்கம் பெரும்பாலும் முடிந்துவிடும், அங்கே நெருக்கடி இல்லை. ஏபிஐ, பேமென்ட், மைக்ரேஷன் மூன்றும் ஒரே சர்வர் டெவலப்பரின் தலையில். 24 + 16 + 9 = 49. உங்கள் திட்டத்தின் நீளம் அந்த ஒருவரின் வேலைச் சங்கிலியின் நீளம்தான்.

அந்த 49-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே எண்ணாகக் கேட்டால் யாரும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்தே சொல்வார்கள். எவ்வளவு சேர்த்தார்கள் என்பது வெளியே தெரியாது. மூன்று எண் கேளுங்கள்: எல்லாம் சரியாக நடந்தால், வழக்கமாக, மோசமாகப் போனால். வழக்கமானதை 4-ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6-ஆல் வகுப்பது பெர்ட் கணக்கு. அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958 வாக்கில் வந்த முறை, இன்றும் பயன்படுகிறது.

சர்வர் டெவலப்பர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

ஏபிஐ 15, 20, 31 → 21 நாள்
பேமென்ட் 8, 12, 28 → 14 நாள்
மைக்ரேஷன் 4, 7, 16 → 8 நாள்

மொத்தம் 43. ஒவ்வொன்றின் திட்ட விலக்கம் (மதிப்பீடு எவ்வளவு விலகக்கூடும் என்பதன் அளவு), மோசமானதில் நல்லதைக் கழித்து 6-ஆல் வகுத்தால் வருவது: 2.67, 3.33, 2. இவற்றை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், 4.7 வரும். இரு மடங்கு எடுத்தால் ஏறக்குறைய 9 நாள். 43 + 9 = 52. மயிரிழையில் உட்காருகிறது.

மூன்று வேலைக்கும் மோசமான எண்ணையே வைத்தால் 75 வந்திருக்கும். மூன்றும் ஒருசேரக் கெட்டுப்போவது அரிது என்பதால்தான் 9 நாள் பஃபர் போதுமானதாகிறது. ஆனால் ஒன்று: தாமதங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்ற அனுமானத்தில் நிற்கிற கணக்கு இது. உங்களுக்கு மூன்றையும் செய்பவர் ஒரே ஆள். அவர் ஒரு வாரம் படுத்துவிட்டால் மூன்றும் சேர்ந்தே நகரும். அதனால் இந்த 52-ஐ நிம்மதியாக நினைக்காதீர்கள்.

பஃபரை வேலைக்கு வேலை பங்கிட்டுக் கொடுக்காமல், 44 முதல் 52 வரை தனி வரியாகச் சங்கிலியின் கடைசியில் வையுங்கள். ஏபிஐக்கு 21 நாளுடன் 3 நாளையும் சேர்த்துக் கொடுத்தால் 24 நாளும் செலவாகிவிடும், சீக்கிரம் முடிந்தாலும் மிச்சம் திரும்பி வராது. வாரம் ஒருமுறை இரண்டு எண்ணைக் குறியுங்கள்: சங்கிலியில் எத்தனை சதவீதம் முடிந்தது, பஃபரில் எத்தனை சதவீதம் போனது. 40% வேலை முடிந்திருக்கும்போது 9-இல் 6 நாள் போயிருந்தால், அந்த வாரமே எதையாவது வெட்ட வேண்டும்.

நூல்கண்டு

புரிகிறது. எதை வெட்டுவது? எல்லாமே அவசியம் என்கிறார்கள்.

வெள்ளிமுளை

"எது அவசியம்" என்று கேட்டால் எல்லாம் அவசியம் என்றுதான் பதில் வரும். "இது இல்லையென்றால் வெளியீட்டையே நிறுத்துவீர்களா" என்று கேளுங்கள், பட்டியல் சட்டென்று சுருங்கும். கட்டாயம் என்ற பிரிவு மொத்த உழைப்பில் 60%-ஐத் தாண்டக் கூடாது என்பது டிஎஸ்டிஎம் என்ற திட்ட மேலாண்மை முறையின் வழிகாட்டுதல். தாண்டினால் நெருக்கடியில் விட்டுக்கொடுக்க எதுவும் மிஞ்சாது.

வெட்டுவது சர்வர் ஆளின் சங்கிலியில் இருக்க வேண்டும். மொபைலில் இரண்டு திரையைக் குறைத்தால் யாருக்கும் ஒரு நாளும் மிச்சமாகாது. மைக்ரேஷனில் பயன்பாட்டில் இருக்கும் கணக்குகளை மட்டும் முதலில் கொண்டுவாருங்கள், பழைய பரிவர்த்தனை வரலாறு வெளியீட்டுக்குப் பிறகு வரட்டும். பேமென்ட்டில் ரீஃபண்ட் திரையே வேண்டாம், முதல் மாதம் பேமென்ட் நிறுவனத்தின் டாஷ்போர்டில் போய்க் கையால் செய்துகொள்ளலாம். வெட்டினால் முழுசாக வெட்டுங்கள். பாதி கட்டிய ரீஃபண்டையும் டெஸ்டர் டெஸ்ட் செய்தாக வேண்டும்.

டெஸ்டிங் 15 நாள் ஏன் என்று மேலிடத்துக்குச் சொல்ல: முதல் சுற்று 6 நாள், பக் கண்டுபிடிக்க. அடுத்து 5 நாள், திருத்தியவற்றைச் சரிபார்க்க. கடைசி 4 நாள், திருத்தத்தால் வேறு ஏதாவது உடைந்ததா என்று முழுசாக ஓட்ட. 7 நாளாக்கினால் பக் கண்டுபிடிக்க மட்டும் நேரம் இருக்கும், திருத்த இருக்காது. இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது: அந்த 15 நாளில் டெவலப்பர்களுக்கு அடுத்த வேலையைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு பக்கை யார் திருத்துவது? அந்த நாட்களில் சர்வர் ஆளின் பெயருக்கு நேரே வேறு எதுவும் எழுதாதீர்கள்.

ஆள் சேர்ப்பது பற்றி: 5 பேருக்குள் பேச வேண்டிய ஜோடிகள் 10, 7 பேர் என்றால் 21. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? அதே சர்வர் ஆள். முதல் சில வாரம் அவருடைய வேகம் குறையத்தான் செய்யும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒருவரை, முதல் 10 நாளுக்குள், மைக்ரேஷனை மட்டும் முழுசாகக் கையளித்துச் சேருங்கள். பழைய டேட்டாபேஸும் புதிய டேபிள் அமைப்பும் தெரிந்தால் போதும் என்பதால் தனியே பிரித்துக் கொடுக்க ஏற்ற வேலை அது. சங்கிலியிலிருந்து 8 நாள் கழன்றுவிடும். 52-ஆம் நாளுக்குப் பிறகு சேர்க்கிற ஆளால் உதவியில்லை.

கோடைமழை

மைக்ரேஷன் பற்றி ஒரு சேர்க்கை. முழு டேட்டாவின் பிரதியை வைத்து இரண்டு முறையாவது ஒத்திகை ஓட்டி, கடிகாரம் பாருங்கள். 1,000 வரிசையில் 2 நிமிடத்தில் ஓடிய ஸ்கிரிப்ட், முழு டேபிளில் இண்டெக்ஸ் (வரிசைகளைச் சட்டென்று தேட உதவும் அட்டவணை) இல்லாமல் 6 மணி நேரம் எடுக்கலாம். சிஸ்டத்தை நிறுத்திவைக்கக் கிடைப்பது 4 மணி நேரம்தான் என்றால், அது 58-ஆம் நாளில் தெரிய வேண்டும், 79-இல் அல்ல. எத்தனை மணிக்குள் முடியாவிட்டால் பழையதற்கே திரும்புவது என்பதையும் ஒத்திகையிலேயே எழுதிவிடுங்கள். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை சர்வர் முகவரியோடு இணைப்பது) மாறுகிறதென்றால், பழைய முகவரியை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதைச் சொல்லும் டிடிஎல்லை 86,400 வினாடியிலிருந்து 300-க்கு முன்கூட்டியே இறக்குங்கள். பழைய மதிப்பு காலாவதியாகவே ஒரு முழு நாள் வேண்டும்.

முதலில் கொஞ்சம் பேருக்கு, பிறகு எல்லாருக்கும் எனப் படிப்படியாக வெளியிட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு ஸ்டோரிலும் அந்த வசதி அப்டேட்களுக்குத்தான், முதல் பதிப்புக்கு இல்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் சர்வர் பக்கத்தில் ஃபீச்சர் ஃப்ளாக் (ஒரு வசதியை ஆப்பை மாற்றாமலேயே திறக்கவும் அணைக்கவும் உதவும் சுவிட்ச்) வையுங்கள். அதையும் 52-க்குள் கட்டியாக வேண்டும்.

போகலாமா வேண்டாமா என்ற முடிவுக்கும் நாள் குறியுங்கள். செவ்வாய்க்குப் போகும் விண்கலங்களுக்கு ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. நாசாவின் இன்சைட் 2016 மார்ச்சில் கிளம்ப வேண்டியது. நிலநடுக்கமானியின் வெற்றிடக் கலத்தில் கசிவு தீராததால் 2015 டிசம்பரிலேயே நிறுத்தினார்கள், 2018 மே 5-இல் ஏவினார்கள். அத்தனை பெரிய விலை இருந்தும் முடிவைக் கடைசி வாரத்துக்கு இழுக்கவில்லை. உங்களுக்கு அந்த நாள் 67. பணம் இரண்டு முறை பிடிக்கப்படுவது, லாகின் ஆகாதது, டேட்டா தொலைவது என்ற மூன்றில் ஒரு பக்காவது அன்று திறந்திருந்தால், அந்த ஃபீச்சரை ஃப்ளாக்கில் அணைத்துவிட்டு அனுப்புவது என்று இன்றே மேலிடத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். லாகின் போல அணைக்கவே முடியாததில் பக் இருந்தால் யார் முடிவெடுப்பது என்று ஒரே ஒருவர் பெயரையும் அதில் சேருங்கள்.