பி.எட். பயிற்சி முடியப்போகிறது: கடைசிப் பாடத்தை வயலில் எடுக்கலாமா?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு பி.எட். இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பயிற்சி. உயிரியல் எடுக்கத்தான் போனேன். அங்கே தொழிற்பிரிவில் வேளாண்மை இருக்கிறது. அக்ரி சார் ஒருவரே பதினொன்றையும் பன்னிரண்டையும் பார்க்கிறார். "தாவரவியல்தானே, வாங்க" என்று கூப்பிட்டு பதினொன்றில் பாதி பீரியடை என்னிடம் தந்துவிட்டார். இப்போது உயிரியல் வகுப்பைவிட இந்தப் பிள்ளைகளோடுதான் எனக்கு ஒட்டுதல்.

இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் கொஞ்சம் இருக்கிறது. கடைசி நாட்களில் செய்முறைத் தேர்வு. எங்கள் கல்லூரி மேடமும் வெளியிலிருந்து ஒருவரும் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடம் பார்ப்பார்கள். என் ஆசை, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் மண் மாதிரி எடுக்க வைப்பது. 'வி' வடிவக் குழி, 15 செ.மீ. ஆழம், பல இடத்து மண்ணைக் கலந்து நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவருவது. எல்லாம் பிள்ளைகளே செய்வார்கள்.

கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். ஒளிச்சேர்க்கை எடு, சார்ட் ஒட்டு, பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டும் ஊக்குவித்தலில் தொடங்கி, வீட்டில் செய்யச் சொல்லும் தொடர்பணியில் முடி, மார்க் வாங்கு, போ. அவர்கள் சொல்வதும் நியாயம்தான். கரும்பலகை இல்லாத இடத்தில் கரும்பலகைத் திறனுக்கு யார் மார்க் போடுவார்கள்?

ஆனால் இந்த வகுப்பு உட்கார்ந்து கேட்கிற வகுப்பு இல்லை. ஒட்டுக்கட்டுதல் பாடம் நடத்தியபோது ஒரு பையன் எழுந்து, "சார், எங்க வீட்டுல முந்திரி நர்சரிதான், நான் காட்டட்டுமா?" என்றான். பிளேடால் வேர்ச்செடியின் உச்சியைச் சீவி நடுவில் பிளந்தான். தாய்மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் செதுக்கிச் சொருகினான். பாலிதீன் நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றிக் கட்டினான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏன் இரண்டு பட்டையும் ஓரம் சேர வேண்டும் என்று கேட்பதுதான் என் வேலையாக இருந்தது. இன்னொரு பெண்ணுக்கு விரல் நுனியெல்லாம் கறுப்பு. லீவு நாளில் அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைக்கிறாள், ஓட்டுப்பால் பட்ட கறை. வகுப்பில் முதலில் கை தூக்குவது அந்தக் கைதான். இவர்களை வைத்துக்கொண்டு சார்ட் பாடம் எடுத்துவிட்டுப் போக மனசு வரவில்லை.

இன்னொரு சின்னக் கேள்வி. நாங்கள் போட்ட கத்தரிப் பாத்தி இப்போதுதான் பூ எடுக்கிறது. நான் போனபிறகு யாரிடம் விடுவது? அக்ரி சாருக்கு நேரமே இல்லை.

---

வில்லியனூர் வாசி:

நண்பா, நான் போன வருஷம் புதுச்சேரியில் முடித்தவன். வருகிறவர்கள் ஒரே நாளில் பல பேரைப் பார்க்க வேண்டும். உங்கள் பாடத்தை முழுசாகப் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பாடத்திட்டக் குறிப்பேடு, வருகைப் பதிவு, தலைமையாசிரியர் கையெழுத்து, இதைத்தான் முதலில் புரட்டுவார்கள். வயலில் நிற்க வைத்தால் அவர்கள் செருப்பில் சேறு ஒட்டும், அந்தக் கோபம் மார்க்கில் இறங்கும். வகுப்பறைக்குள் எடுங்கள். வயல் ஆசையை மறுநாள் தீர்த்துக்கொள்ளுங்கள்.

---

மணிமுத்தாறு:

தம்பி, நான் விருத்தாசலம் பக்கம் வேளாண் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயல் பாடம் என்பது சரி, மண் மாதிரி என்பது சரியில்லை. இது கார்த்திகை. நம்ம கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மண் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஈரத்தில் மாதிரி எடுக்கக்கூடாது என்று புத்தகத்தில் போட்டுவிட்டு ஈரத்தில் எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும்போது, எரு போடுவதற்கு முன்னால் எடுக்கிற வேலை அது.

மார்கழிப் பட்டம் வருகிறது. நிலக்கடலை விதைநேர்த்தி எடுங்கள், அதாவது விதைக்கும் முன் விதைமேல் நோய்த்தடுப்பும் நுண்ணுயிரும் பூசுகிற வேலை. வராந்தாவிலேயே நடத்தலாம், சேறும் இல்லை மழையும் இல்லை.

இன்றைக்கே கடலை வாங்கிக் கையால் உடைக்கச் சொல்லுங்கள். வி.ஆர்.ஐ. ரகம் கிடைத்தால் நல்லது, நம்ம ஊர் ஆராய்ச்சி நிலையத்து ரகம். சிவப்புத் தோல் கிழியாத முழுப்பருப்பாக 100 எண்ணி, ஈர மணல் தட்டில் ஊன்றி வையுங்கள். பத்தாம் நாள் எண்ண வேண்டும். நீங்கள் பாடம் எடுக்கிற நாள் அந்தப் பத்தாம் நாளாக வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். சான்று விதைக்கு 70 முளைக்க வேண்டும் என்பது விதி. வந்தவர்கள் முன்னால் பிள்ளைகள் தட்டை வைத்து எண்ணட்டும். அதைவிட என்ன ஊக்குவித்தல் வேண்டும் உங்களுக்கு?

அப்புறம் விதைநேர்த்தி. கிலோ பருப்புக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், அது நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சாணம். அது முடிந்தபிறகு ரைசோபியம் என்ற உயிர் உர பாக்டீரியா, ஹெக்டேர் விதைக்கு 600 கிராம், அதாவது 3 பொட்டலம், அரிசிக் கஞ்சியில் கலந்து. ஹெக்டேருக்கு 125 கிலோ பருப்பு என்று வைத்தால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு ரைசோபியம் என்று பலகையில் கணக்குப் போடச் சொல்லுங்கள். 4.8 கிராம் வரும். உங்கள் கரும்பலகைத் திறனும் அங்கேயே வந்துவிடும்.

கையால் பிசைய விடாதீர்கள், தோல் உரிந்தால் முளைப்பு போச்சு. பாத்திரத்தோடு குலுக்கணும். பிறகு நிழலில் அரை மணி நேரம். டிரைக்கோடெர்மா, ரைசோபியம் ரெண்டும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள், பொட்டலத்தில் காலாவதித் தேதி பாருங்கள்.

இன்னொன்று, இது பாடத்துக்கு வெளியே. போவதற்கு முன்னால் ஒரு பீரியட் எடுத்து மேல்படிப்பு சொல்லுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு 5 சதவீத இடம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் பொருந்தும். அக்ரி குரூப் என்றால் மார்க் இல்லாதவர்கள் சேர்கிற இடம் என்று வீட்டிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். அந்தக் கறுப்பு விரல் பெண்ணிடம் தனியாகவே சொல்லுங்கள்.

---

காடாம்புலியூர்:

நான் வாத்தியார் இல்லைங்க, விவசாயி. என் பையனும் இதே குரூப்தான், வேற பள்ளிக்கூடம். போன வருஷம் விதைநேர்த்தி படிச்சுட்டு வந்து, "சும்மா விதைக்காதப்பா"ன்னு என்னையே நிறுத்தி வச்சான். மண் ஆய்வுன்னா வீட்டுல வந்து சொல்ல ஒண்ணும் இருக்காது, விதைன்னா அந்த வாரமே பேச்சு வரும்.

கத்தரிக்கு ஏன் கவலை? சத்துணவு சமைக்கிற அக்காகிட்ட சொல்லுங்க. காய் அவங்களுக்கு, சாம்பாருக்கு ஆகும். பாத்திரம் கழுவுற தண்ணிய வேணா அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டி விடச் சொல்லுங்க, சோப்புத் தண்ணி மட்டும் கலக்காம. குருத்து வாடித் தொங்குச்சுன்னா உள்ள புழு இருக்கு, அதைக் கிள்ளி எரிச்சுடணும், அங்கேயே போடக்கூடாது. இதைப் பத்தாம் வகுப்புப் பசங்க ரெண்டு பேருக்குக் காட்டிட்டுப் போங்க. பதினொண்ணு, பன்னெண்டுக்குச் சத்துணவு கிடையாது, காய் திங்கிற பசங்கதான் பாத்துக்குவாங்க.

---

கெடிலக்கரை:

மணிமுத்தாறு ஐயா, முடிவு பண்ணிவிட்டேன், கடலைதான். இன்று மதியமே மணல் தட்டு வைத்தாகிவிட்டது. உடைத்ததில் பாதியைத் தின்றுவிட்டார்கள், அது வேறு கதை. வில்லியனூர் நண்பர் சொன்ன குறிப்பேட்டையும் முடித்துக் கையெழுத்துக்குக் கொடுத்துவிட்டேன். சத்துணவு அக்கா, "முள்ளுக் கத்தரியா, சும்மா கத்தரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சரி சொன்னார்.

ஒரு சந்தேகம். பள்ளி ஸ்டோரில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லிப் பொட்டலம் ஒன்று இருக்கிறது. டிரைக்கோடெர்மா கிடைக்காவிட்டால் அதைப் போடலாமா?

---

மணிமுத்தாறு:

போடலாம், ஆனால் ஒரே நாளில் முடியாது. பூஞ்சாணக்கொல்லி போட்டு 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம். அதற்கு முந்தின நாளே அக்ரி சாரை வைத்துக் கையுறை போட்டு முடித்துவிடுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். டிரைக்கோடெர்மாவையும் கார்பென்டாசிமையும் சேர்க்கவே கூடாது, டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தான், செத்துப்போகும். மருந்து போட்டதில் மிச்சமானால் புதைத்துவிடுங்கள், உங்கள் பசங்க தின்கிற ஆட்கள் என்று இப்போது தெரிகிறது.

கஞ்சி நன்றாக ஆறியிருக்கட்டும். சத்துணவுக் கூடத்திலிருந்து சுடச்சுடக் கொண்டுவந்து ஊற்றிவிடப் போகிறார்கள்.