ஆடியில முகில் மேற்கே ஓடுது, கொடி கிழக்கே பறக்குது: எங்க பிழை?

கரைவலை:
இன்சாட் (இந்திய வானிலைச் செய்மதி) அகச்சிவப்புப் படங்களை அரை மணிக்கு ஒன்றாக ஓட்டிப் பார்க்கிறேன். திருகோணமலைக்கு மேல் முகில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மேற்கே போகுது. உப்புவெளிக் கரையிலோ நல்ல கச்சான் (மேற்கிலிருந்து வீசுற காற்று). படம் தலைகீழா வருதா?

கொட்டியாரம்:
படம் சரி. நீங்கள் பிடிச்சது உயரத்துக் கீற்று முகில். தென்மேற்குப் பருவத்தில் 12 கி.மீ.க்கு மேல் கீழைத் தாரைக்காற்று (கிழக்கிலிருந்து வேகமா வீசுற உயரக் காற்று) அதை மேற்கே தள்ளும். அகச்சிவப்பில் -60 பாகை முகில் பளிச்சென்று வெள்ளையாத் தெரியும். உச்சி 2 கி.மீ. உள்ள திரள்முகில் கிட்டத்தட்ட 15 பாகை, கடல் 28, 4 கி.மீ. படப்புள்ளிக்குள் (பிக்சல்) இரண்டும் கலந்து சாம்பலாப் போயிடும்.

கீழ்க்காற்று வேணுமெண்டால் பகலில் கட்புலப் படம் (சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியிற மாதிரி எடுத்தது) எடுங்கோ. கடலுக்கு மேல் உள்ள பஞ்சுத் துண்டுகளை மட்டும் பின்தொடருங்கோ. பின்னேரம் கச்சானும் கடற்காற்றும் முட்டுற இடத்தில், தரைக்கு மேல் ஒரு முகில் வரிசை நிற்கும். காற்று அதுக்குள்ளால போகும், வரிசை அசையாது. அதை அளந்தால் காற்றே இல்லையெண்டு வரும்.

சோளகம்:
ஹிமவாரி-9 (ஜப்பான் வானிலைச் செய்மதி) படம் எடுக்கிறதெண்டால் கவனம். அது 140.7 பாகை கிழக்கில் நிற்குது. நமக்கு அடிவானத்திலிருந்து 22 பாகைதான். 0.5 கி.மீ. எண்டு போட்டிருக்கிற படப்புள்ளி இங்கே கிழக்கு மேற்கா ஏறத்தாழ 1.5 கி.மீ. இழுபடும். பலர் புள்ளியை எண்ணி 0.5ஆல் பெருக்கி வேகத்தைக் கெடுக்கிறது இதிலதான். அகலாங்கு நெட்டாங்கில் மாற்றின படத்தில் அளவுங்கோ. 12 கி.மீ. உயர முகில் 30 கி.மீ. மேற்கே தள்ளித் தெரியும், 1.5 கி.மீ. முகிலுக்கு 4 கி.மீ. போதும். படத்தில் உள்ள நேரம் யூடிசி (உலகப் பொதுநேரம்), நம்ம நேரத்துக்கு 5.30 மணி கூட்டுங்கோ.

10 நிமிச இடைவெளியில் ஒரு புள்ளி பிசகினால் மணிக்கு 9 கி.மீ. வேகப் பிழை. அரை மணி இடைவெளியில் அளந்தால் 3. இடையில் வாற படங்கள் அதே முகில்தானா எண்டு பார்க்க மட்டும்.

கரைவலை:
பஞ்சு முகில் அரை மணிக்கு 16 கி.மீ. நகருது, அதாவது மணிக்கு 32, தென்மேற்கிலிருந்து. ஆனால் கரையில் காற்றுமானி மணிக்கு 18 கி.மீ. தான் காட்டுது.

கொட்டியாரம்:
32 சரிதான். அது 1 கி.மீ. உயரக் காற்று, கீழே தரை உராய்வு குறைச்சுப் போடும். கடல்மட்டக் காற்றோட ஒப்பிட மெட்டொப் செய்மதியின் அஸ்காட் (கடல்மேல் காற்றை அளக்கிற ரேடார்) அளவைப் பாருங்கோ, காலை 9.30 வாக்கில் கடக்கும். கரையிலிருந்து 20 கி.மீ.க்குள் உள்ளதை விட்டுடுங்கோ, தரை எதிரொலி கலந்திருக்கும்.