குன்னூர் பக்கம் இந்தி, சாத்ரி (ஜார்க்கண்ட் பக்கம் பேசும் மொழி) தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

எங்கள் எஸ்டேட் லயன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள்தான் அதிகம். எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கூப்பிட்டால், ரிசல்ட் மேஸ்திரி காதுக்குப் போய்ச் சீட்டுக் கிழிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அரசு நம்பிக்கை மையத்தில் எல்லாம் இலவசம், சம்மதமில்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது, ஆனால் என் அரைகுறை இந்தியில் இதைக் கேட்டால் இன்னும் மிரள்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து நேர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் கைஜாடையில் விளக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். ஞாயிறு மதியம் இலை பறிப்பு இல்லை, அப்போது வந்து பேச ஆள் வேண்டும், பெண் என்றால் ரொம்ப நல்லது (பெண்கள் என்னிடம் வாயே திறப்பதில்லை). பஸ் செலவு, சாப்பாடு என் பொறுப்பு. இந்தியில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் இருந்தாலும் கொடுங்கள்.