சுற்றுலாப் படகையும் பாடு முறையில் விடலாமா? (பழவேற்காடு ஏரி, ஆந்திரக் கரை)

கரைவீட்டுக்காரி:
நான் பிறந்தது பழவேற்காட்டுப் பக்கம். கட்டிக்கொடுத்தது ஆந்திராவில், தடாவுக்குக் கிட்டே ஒரு ஏரிக்கரை ஊர். இங்கேயும் வீட்டில் தமிழ்தான், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சூளூர்ப்பேட்டைப் பறவைத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் கரையில் மோட்டார் படகு விடக் கேட்கிறார். ஊர்ப் பொதுவுக்கு மாதாமாதம் பணம் தருவாராம். கோயில் வேலை பாதியில் நிற்பதால் பெரியவர்களுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான். அந்தச் சேற்றில்தான் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் அலசி அலசி மேயும். மோட்டார் சத்தம் கேட்டால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

அப்பா ஊரில் பாடு உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் சுத்துவலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். நல்ல இடம் ஒருத்தருக்கே போகாது. படகுச் சவாரியையும் அப்படியே ஊராரே முறை வைத்து, கழி ஊன்றித் தள்ளும் படகில் நடத்தினால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
அம்மா, முதலில் வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். ஆந்திரப் பக்கத்து ஏரி 1976 முதல் பறவைகள் சரணாலயம். அனுமதி இல்லாமல் ஊர் சம்மதித்தும் பயனில்லை. வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே கலெக்டரிடம் எழுதி வாங்கித் தங்கள் ஏரிப் பறவைகளைக் காத்தார்கள். எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்களும் எழுத்தில் வாங்குங்கள்.

தடாப் பையன்:
கழி படகில் எத்தனை பேர் ஏறுவார்கள் அக்கா? எங்கள் தெருவில் பாதிப் பேர் ஸ்ரீசிட்டி கம்பெனி வேனில் போகிறோம். வலையில் வருமானம் இருந்தால் ஏன் போகப்போகிறோம்? படகு வந்தால் நாலு பேராவது ஊரில் இருப்பான். மோட்டாரே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பறவை மேயும் பக்கம் போகாதே என்று கட்டுப்பாடு போடுங்கள்.

பறிக்கூடை:
நாங்கள் இருளர். பாடு தலைக்கட்டுக்குத்தான், எங்களுக்குச் சீட்டில் பேர் கிடையாது. அம்மா மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பார். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார். கரைக்கு வந்ததும் பேச முடியாது, தாடை அப்படி வலிக்கும். மோட்டாரானாலும் கழியானாலும் படகுத்துறை வைக்கும் இடம் அவர் தடவும் இடமாக இருந்தால் என்ன செய்வார்? கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுவார்களா?

கரைவீட்டுக்காரி:
பறிக்கூடை, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. அதனால் எனக்கும் அந்தச் சீட்டில் பேர் வராது. இத்தனை வருஷம் பாடு முறையைப் பெருமையாகவே சொல்லி வந்தவள், இதை யோசிக்கவே இல்லை.

தம்பி, நீ சொன்ன கட்டுப்பாடு சரி. ஆனால் மோட்டாருக்கு இன்னும் என் மனசு வரவில்லை. வாத்தியார் ஐயா, நாளை வனத்துறைக்குப் போகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர் இருளர் தெருவுக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். துறை எங்கே வரக்கூடாது என்று அவர்களே காட்டட்டும். அந்த இடத்தில் கழி நட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவேன்.