ட்ரொப் கேர்ப் மறுத்துவிட்டார்கள். அவசரம், உதவி தேவை

கொய்யாமரம் (செவ்வாய், இரவு 10.40)
வணக்கம். வீட்டு முற்றத்தில் கார் விடுவதற்காக நடைபாதை விளிம்பை இறக்கித் தரச் சொல்லி (அதுதான் ட்ரொப் கேர்ப்) கவுன்சிலுக்கு விண்ணப்பித்தேன். இன்று மறுத்துக் கடிதம் வந்திருக்கிறது. கட்டிய காசு திரும்ப வராதாம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்! முற்றத்துக்குக் கொங்கிறீட் போட ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, சனிக்கிழமை வருகிறான். என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வடலி (10.52)
தம்பி, எந்தக் கவுன்சில்? வீட்டுச் சுவரிலிருந்து நடைபாதை வரை எத்தனை மீற்றர்? கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்களே, அது என்ன?

கொய்யாமரம் (10.55)
லண்டன்தான் அண்ணை. சாதாரண வீடு. கார் தாராளமாக நிற்கும்.

வடலி (10.58)
லண்டனில் மட்டும் 32 கவுன்சில், நடுவில் இருக்கிற சிட்டி ஒஃப் லண்டன் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு. "தாராளமாக" என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது தம்பி, நாடா பிடித்து அளந்து சொல்லுங்கள்.

வேப்பங்காற்று (11.10)
வாசலில் மரம் நிற்கிறதா? நான் பார்த்த மட்டில் பத்தில் எட்டு மறுப்புக்கு மரம்தான் காரணம். வேர் வெட்டுப்படும் என்றால் அசைய மாட்டார்கள். லைட் கம்பம் என்றால் நம் செலவில் நகர்த்த விடுவார்கள், மரம் என்றால் கதை முடிந்தது.

கொய்யாமரம் (11.14)
மரம் இல்லை.

வேப்பங்காற்று (11.16)
பக்கத்து வீட்டு வாசலில்? வேர் தூரம் ஓடும்.

சட்டத்தரணி_அல்ல (11.31)
இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். நடைபாதை உங்கள் காணி அல்ல. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், 184ஆம் பிரிவு: கடவை, அதாவது கார் நடைபாதையைக் கடக்கிற இறக்கம், போடுவது கவுன்சிலின் அதிகாரம். காசு நீங்கள் கட்டினாலும் கடவை உங்களுக்குச் சொந்தமாகாது. பிளானிங் அனுமதி, அதாவது கட்டடம், காணியில் மாற்றம் செய்யக் கேட்கிற அனுமதி, வேறு, அது வேறு அலுவலகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு இங்கே வந்து அழுவதுதான் வழக்கம்.

செல்லம்மாக்கா (11.40)
பிள்ளை பதறிப்போய்க் கேட்கிறது, கொஞ்சம் மெதுவாகச் சொல்லக்கூடாதா? தம்பி, சனிக்கிழமை வேலையை முதலில் நிறுத்து. முன்முற்றத்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, மழைத் தண்ணீர் ரோட்டுக்கு ஓடுவதாக இருந்தால் அதற்கும் பிளானிங் வேண்டும். 2008 ஒக்டோபரில் இருந்து இங்கிலாந்தில் அதுதான் விதி. தண்ணீர் இறங்குகிற கல் போட்டால், இல்லை பூப்பாத்திப் பக்கம் சரிவு வைத்தால், பிரச்சினை இல்லை.

இட்லிப்பானை (புதன், காலை 7.05)
சார், எங்கள் தெருவில் ஒருவர் ரப்பர் ராம்ப் வாங்கிப் போட்டு ஏறுகிறார். தினமும் எடுத்து உள்ளே வைத்துவிடுவார். நீங்களும் அப்படிச் செய்யலாமே?

சட்டத்தரணி_அல்ல (7.20)
நல்ல யோசனை. கிழவி ஒருத்தி தடுக்கி விழுந்தால் நட்ட ஈட்டை நீங்கள் கட்டுவீர்களா? நடைபாதைக் கல் நடந்து போகிறவர்களுக்குப் போட்டது. கீழே காஸ், தண்ணீர்க் குழாய், கேபிள் எல்லாம் போகிறது. கடவை போடும்போது அடியில் தடிப்பாகப் போடுவது அதற்காகத்தான். கவுன்சில் கண்டால் நோட்டீஸ் வரும்.

இட்லிப்பானை (7.26)
ஒரு வழி சொன்னேன், அவ்வளவுதான் சார். அப்புறம் ஒரு சந்தேகம்: எங்கள் வீட்டு டிராப் கெர்ப் முன்னால் நானே காரை விட்டால் டிக்கெட் வருமா?

வேப்பங்காற்று (7.41)
வரும். இறக்கிய இடத்தில் யாரும் விடக்கூடாது.

செல்லம்மாக்கா (7.50)
வராது. 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து முகாமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய கடவை என்றால், அந்த வீட்டுக்காரர் சம்மதத்தோடு விடலாம். இரண்டு வீட்டுக்குப் பொது என்றால் அந்த விலக்கு இல்லை. மஞ்சள் கோடு, பெர்மிட் நேரம் இருந்தால் அது வேறு கதை.

வேப்பங்காற்று (8.02)
அக்கா, போன மாதம் எங்கள் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு வந்த மச்சானுக்கு டிக்கெட் விழுந்தது. சட்டம் பேசாதீர்கள்.

செல்லம்மாக்கா (8.06)
மச்சான் யாருடைய வாசலில் விட்டார்?

வேப்பங்காற்று (8.15)
எதிர்வீட்டு வாசலில். ஐந்து நிமிஷம்தான்.

சட்டத்தரணி_அல்ல (8.19)
சிரிக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன். அங்கே வெள்ளைக் கோடு போட்டிருந்ததா? அது வெறும் நினைவூட்டல். கோடு இல்லாவிட்டாலும் டிக்கெட் டிக்கெட்தான்.

வடலி (8.30)
மச்சானை விடுங்கள். கொய்யாமரம் தம்பி, ஒன்று கேட்க மறந்தேன். வீட்டு வாசலால் பஸ் போகிறதா? பக்கத்து வீடு மூலை வீடா?

கொய்யாமரம் (மதியம் 1.12)
பஸ் போகிறது, இரண்டு நம்பர். மூலை வீடுதான், எப்படித் தெரியும்?? முற்றம் அளந்தேன், 5.3 மீற்றர்.

வடலி (1.25)
நினைத்தேன். முற்றத்தில் குறை இல்லை, பல இடங்களில் 4.8 போதும். பஸ் போவதால் மட்டும் சொல்ல முடியாது, ரோட்டு வரைபடத்தில் பாருங்கள், பெரிய ரோடு என்றால் ஏ அல்லது பி என்று எழுத்தும் நம்பரும் இருக்கும். அப்படியான ரோட்டில் புது வாசல் திறக்க முதலில் பிளானிங் அனுமதி வேண்டும். சி ரோட்டுக்கும் அதே விதி, ஆனால் அது வரைபடத்தில் தெரியாது, கவுன்சிலிடம்தான் கேட்க வேண்டும். மூலை வீட்டுக்காரர் பக்கத்துச் சின்னத் தெருவால் வாசல் வைத்திருப்பார், அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. கடிதத்தை முழுக்க வாசித்தீர்களா?

கொய்யாமரம் (1.31)
முதல் பக்கம் வாசித்தேன்.

சட்டத்தரணி_அல்ல (1.33)
ஆகா.

வடலி (1.40)
பெரிய ரோட்டில் இன்னொரு சிக்கலும் வரும். கார் முன்பக்கமாக உள்ளே போய், உள்ளேயே திரும்பி, முன்பக்கமாகவே வெளியே வர வேண்டும் என்று கேட்பார்கள். ரிவர்ஸில் ரோட்டுக்கு இறங்குவதை விரும்ப மாட்டார்கள். 5.3 மீற்றரில் திருப்புவது கஷ்டம் தம்பி, ஒளிக்காமல் சொல்கிறேன். இன்னொரு தடவை காசு கட்ட முதல், பிளானிங் பகுதியில் முன் ஆலோசனை கேளுங்கள். அதே ரோட்டில் வேறு வீடுகளுக்குக் கிடைத்திருக்கிறதா என்று அவர்களின் இணையப் பதிவிலும் தேடலாம்.

வேப்பங்காற்று (1.52)
மரத்தையும் ஒருக்கால் பாருங்கள்.

கொய்யாமரம் (ஒன்பது நாட்களுக்குப் பிறகு)
பி ரோட்டுத்தான், இரண்டாம் பக்கத்தில் இருந்தது. எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அவருடைய முற்றம் எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. முன் ஆலோசனைக்கு எழுதியிருக்கிறேன். கொங்கிறீட்காரன் அட்வான்ஸில் பாதிதான் தந்தான். நன்றி வடலி அண்ணை, செல்லம்மாக்கா.